ஓடைக்கரையில் நின்ற யானை

மூங்கில்காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. ஏரியும் அதைச் சுற்றியிருந்த காடும் யானைகளின் இடம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி தாழை என்ற பெண்யானை. அவள் தலைமைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முடிந்திருக்கவில்லை.

காட்டுக்கு வடக்கே ஒரு மடு. அங்கே நீர்நாய்கள் வாழ்ந்தன. மடுவிலிருந்து இரண்டு ஓடைகள் பிரிந்தன. ஒன்று தெற்கே இறங்கி யானைகளின் ஏரியில் விழுந்தது. மற்றது கிழக்கே ஓடித் தொலைவிலிருந்த பேராற்றில் கலந்தது. ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் தெற்குச் சதுப்புக்குப் போகும். சதுப்பு காட்டுப்பன்றிகளின் இடம்.

யானைகளுக்கு நீர்நாய்களைத் தெரியும். பன்றிகளையும் தெரியும். தெரியும் என்பதோடு சரி. யானைகளின் உறவெல்லாம் மேல்மலை யானைகளோடுதான். மேல்மலைக் கூட்டம் பெரியது, பெயர் பெற்றது. ஆண்டுதோறும் கோடையில் அங்கே விருந்து நடக்கும். மூங்கில்காட்டு யானைகள் வரிசை கட்டிக்கொண்டு, நீர்நாய்களின் மடுவை ஒட்டி ஓடையைக் கடந்து, மலையேறிப் போகும். போய் வந்த பெருமையை அடுத்த கோடை வரைக்கும் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த ஆண்டு பனி விலகிய ஒரு காலையில் கரிச்சான் குருவி ஒன்று பறந்து வந்து தாழையின் முன்னால் கிளையில் உட்கார்ந்தது.

“மடுவில் முதலை கிடக்கிறது” என்றது. “பேராற்றிலிருந்து வந்தது. பாறை மாதிரி முதுகு.”

“நீர்நாய்கள் எங்கே ஓடின?” என்று தாழை கேட்டாள்.

“ஓடவில்லை. அதைச் சுற்றி நீந்திக்கொண்டிருக்கின்றன.”

தாழைக்கு அதுதான் உறுத்தியது. முதலை தானாக வந்து புகுந்திருந்தால் விரட்டிவிடலாம். கூப்பிட்டு வந்திருந்தால் என்ன செய்வது? மடுவிலிருந்து வரும் ஓடையின் வாயில்தான் யானைக்குட்டிகள் தினமும் தண்ணீர் குடிக்கின்றன. இன்று மடுவில் கிடப்பது நாளை ஏரிக்கு வராது என்று யார் சொல்ல முடியும்?

முதலில் அவள் எல்லாரும் எதிர்பார்த்ததையே செய்தாள். ஓர் இருவாச்சிப் பறவையை மேல்மலைக்குத் தூது அனுப்பினாள். இருவாச்சி சில நாளில் திரும்பி வந்தது.

“என்ன சொன்னார்கள்?”

“மிகவும் வருத்தப்பட்டார்கள். விருந்துக்குத் தவறாமல் வரச் சொன்னார்கள்.”

“முதலையைப் பற்றி?”

“அதற்குத்தான் வருத்தப்பட்டார்கள்” என்றது இருவாச்சி.

கூட்டம் கூடியது. கொம்பையன் முன்னால் வந்து நின்றான். கூட்டத்திலேயே பெரிய கொம்பன் அவன். தாழையின் தாய்க்குத் தம்பி. தாழையின் தாய் தலைவியாக இருந்தவரைக்கும் காட்டுக்கு வருகிற வேற்று விலங்குகளிடம் பேசுவது அவன் பொறுப்பாக இருந்தது.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றான். “எல்லாரும் போய் மடுவில் இறங்குவோம். முதலையும் போகும், நீர்நாய்களும் போகும். நம் கணுக்கால் உயரம் இல்லாததுகள் நமக்கு எதிராக ஆள் சேர்க்கின்றன.”

“மாமா, அவர்கள் ஏன் சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியுமா?”

“எதற்குத் தெரிய வேண்டும்?”

தாழை கூட்டத்தைக் கலைத்தாள். மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பினாள். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று, பழுத்த பலாப்பழம் ஒன்றைத் துதிக்கையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

நீர்நாய்களின் தலைவி அயிரை மடுவின் நடுவே ஒரு பாறையில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. யானையைக் கண்டதும் எழுந்து நின்றது. ஆனால் அருகே வரவில்லை. மடுவின் மறுகரையில் முதலை வாயைத் திறந்தபடி வெயிலில் கிடந்தது.

தாழை பலாப்பழத்தைக் கரையில் வைத்தாள். அயிரை அதைப் பார்த்தது. இருந்த இடத்திலிருந்தே முகர்ந்தது.

“நல்ல பழம்” என்றது. “நாங்கள் மீனும் நண்டும் தின்கிறவர்கள்.”

தாழைக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும் இது தெரியவில்லை. அந்த வெட்கத்தை மறைக்க, நினைத்து வந்ததை அவசரமாகக் கேட்டுவிட்டாள்.

“முதலையை எப்போது திருப்பி அனுப்பப் போகிறீர்கள்?”

“அதற்காகத்தான் வந்தீர்களா?” என்றது அயிரை. “எங்களைப் பார்க்க வந்தீர்களோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.”

அயிரை தொடர்ந்து பேசியது. அதன் குரலில் கோபம் இல்லை.

“நீங்கள் விருந்துக்குப் போகும் வழி எங்கள் கரைமேல் போகிறது. கரைக்குள்ளேதான் எங்கள் வளைகள். ஒவ்வொரு கோடையிலும் சில வளைகள் இடியும். நாங்கள் வேறு தோண்டிக்கொள்வோம். போன கோடையில் குட்டிகள் உள்ளே இருந்தன. உங்கள் வரிசை முடிய நெடுநேரம் ஆயிற்று. முடிந்த பிறகு தோண்டிப் பார்த்தோம். என் குட்டிகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.”

“யாரும் எங்களிடம் சொல்லவில்லையே?”

“நானே வந்தேன். உங்கள் ஏரிக்கரையில் நின்றேன். பெரிய கொம்பன் ஒருவர் வந்தார். தலைவி விருந்திலிருந்து திரும்பட்டும், அதுவரை இரு என்றார். இருந்தேன். தலைவி திரும்பினார். என்னை யாரும் கூப்பிடவில்லை. பிறகு கிழக்கோடை வழியாக இவர் வந்தார்.” அயிரை முதலையின் பக்கம் தலையைத் திருப்பியது. “எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மடுவில் ஒரு முதலை கிடந்தால் யானைகள் இந்தப் பக்கம் இறங்காது என்றும் சொன்னார்.”

போன கோடையில் அந்த வரிசையில் தாழையும் நடந்திருந்தாள். பின்னங்காலின் கீழ் மண் பொதுக்கென்று உள்வாங்கியதும், கால் இடறியதைப் பார்த்துப் பின்னால் வந்தவள் சிரித்ததும் அவளுக்கு நினைவு வந்தன. அப்போது அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

அவள் பலாப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முதலையைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“இனிமேல் எங்கள் கூட்டம் இந்தக் கரையில் கால் வைக்காது” என்று மட்டும் சொன்னாள். “கீழே பாறைத்திட்டு இருக்கிறது. அதன் வழியாகக் கடந்துகொள்வோம்.”

அயிரை நன்றி சொல்லவில்லை. நம்பவும் இல்லை. பாறையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது.

தாழை நேரே தன் கூட்டத்திடம் போகவில்லை. வடக்கே இப்படி என்றால் தெற்கே எப்படியோ என்ற கவலை வந்துவிட்டது. ஏரியைச் சுற்றிக்கொண்டு பன்றிகளின் சதுப்புக்குப் போனாள்.

சதுப்பு அங்கே இல்லை. பாளம் பாளமாக வெடித்த தரைதான் இருந்தது. பன்றிகளின் தலைவன் கோரையன் அந்தக் கட்டாந்தரையை மூக்கால் குத்திக் கிழங்கு தேடிக்கொண்டிருந்தான். மூக்கு நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது.

“ஏரி நிரம்பித்தானே இருக்கிறது. தண்ணீர் இங்கே வரவில்லையா?” என்று தாழை கேட்டாள்.

“எப்படி வரும்? வழிகிற வாயில்தான் உங்கள் ஆட்கள் சேற்றில் புரண்டு குளிக்கிறார்கள். புரண்டு புரண்டு வாய் அடைந்துவிட்டது. அது சின்ன விஷயம் யானையம்மா. உங்களுக்குக் கண்ணில் படாது.”

“அதைத் திறந்துவிடுகிறேன்.”

கோரையன் கிழங்கு தேடுவதை நிறுத்தினான். “அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

“இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்.”

“இப்போதைக்கு என்றால்? பிறகு என்ன கேட்பீர்கள்?”

தாழைக்குச் சிரிப்பு வந்தது. அவன் கேட்டதில் தப்பில்லை என்றும் தோன்றியது.

“பக்கத்தில் இருக்கிறோம். என்றைக்காவது எனக்கும் ஏதாவது தேவைப்படும், வந்து கேட்பேன். முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அதற்காகத் தண்ணீரை அடைக்க மாட்டேன்.”

அன்று மாலைக்குள் தாழையும் வேறு சில யானைகளும் சேற்றைக் கிளறி வாயைத் திறந்தார்கள். தண்ணீர் சதுப்பை நோக்கிப் போனது. குளிக்கும் இடம் போய்விட்டதே என்று யானைகளில் பாதி முணுமுணுத்தன.

விருந்துக் காலம் நெருங்கியது. இந்த ஆண்டு தான் போகப்போவதில்லை என்று தாழை கூட்டத்தில் சொன்னாள். போக விரும்புகிறவர்கள் பாறைத்திட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்றாள்.

“அது சுற்றுவழி” என்றான் கொம்பையன்.

“ஆமாம் மாமா.”

“என் பாட்டி நடந்த வழி அந்தக் கரைவழி. நீர்நாய்க்காக வழியை மாற்றினால், நாளைக்குத் தவளை வந்து நிற்கும். தவளைக்கும் மாற்றுவாயா? மேல்மலையில் கேட்டால் சிரிப்பார்கள்.”

“சிரிக்கட்டும்.”

கொம்பையன் காதுகளை விரித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் விடிந்ததும் கரிச்சான் தாழையிடம் பறந்து வந்தது. கொம்பையனும் இளைய கொம்பன்கள் இரண்டு பேரும் விருந்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பழைய வழியில் போகிறார்கள்.

தாழை ஓடினாள். மூங்கில் புதர்களைக் குறுக்கே பிளந்துகொண்டு ஓடினாள். மடுவின் கரையை அவர்களுக்கு முன்னால் எட்டிவிட்டாள். கரைமேல் ஏறவில்லை. கரைக்கு இப்பால், வழி குறுகும் இடத்தில், குறுக்கே நின்றாள்.

கொம்பையன் வந்தான். அவளைப் பார்த்தும் நிற்கவில்லை. கொம்பு நுனி அவள் நெற்றியைத் தொடும் தூரத்துக்கு வந்துதான் நின்றான்.

“விலகு, தாழை.”

“வழி அந்தப் பக்கம் இருக்கிறது, மாமா.”

“சொந்த மாமனை மறிக்கிறாய். யாருக்காக?”

“நம் குட்டிகளுக்காக. நாம் சொன்ன சொல்லை நாமே மிதித்தால், அப்புறம் நம்மைச் சுற்றி யாரும் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள். மேல்மலையிலிருந்து வருத்தம்தான் வரும்.”

“நான் முட்டினால்?”

“முட்டுங்கள். அப்படியும் விலக மாட்டேன்.”

கொம்பையனின் எடையில் பாதிகூட அவள் இல்லை. அவன் நினைத்தால் அவளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். அவன் பின்னால் நின்ற இளைய கொம்பன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடுவில் சின்னச் சின்னத் தலைகள் தண்ணீருக்கு மேலே எழுந்தன. நீர்நாய்கள் பார்த்துக்கொண்டிருந்தன. முதலையும் வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

வெயில் ஏறியது. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் கொம்பையன் நீண்ட மூச்சு ஒன்றை விட்டான். பிறகு திரும்பினான். ஓடையை ஒட்டிக் கீழே நடந்து, பாறைத்திட்டு வழியாகக் கடந்து, மலைப்பக்கம் போய்விட்டான். தாழை அவன் முதுகு மறையும்வரை பார்த்தாள். மாமனின் மனம் புண்பட்டது அவளுக்கும் வலித்தது.

சில நாள் கழித்து அயிரை ஏரிக்கரைக்கு வந்தது. இந்த முறை அது காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தாழையே எதிரே போனாள்.

“உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்றது அயிரை. “மழை வந்ததும் தன் சொந்தங்களைக் கூட்டிவரப் போவதாக முதலை சொல்கிறார். கிழக்கோடையில் வெள்ளம் வந்தால் அவர்கள் நீந்தி ஏறிவிடுவார்கள். மடு அவர்களுக்குப் போதாது. உங்கள் ஏரிக்கு வழி கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.”

“உங்களுக்கு என்ன தோன்றுகிறது?”

அயிரை கொஞ்சம் யோசித்தது. தன்னிடம் யோசனை கேட்கிற யானை அதற்குப் புதிது.

“ஒரு முதலை விருந்தாளி. பத்து முதலை வந்தால் நாங்கள்தான் விருந்தாளி. கிழக்கோடை இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே பெரிய கற்களைப் போட்டால் தண்ணீர் போகும், முதலை வராது. கல்லைப் புரட்ட எங்களுக்குத் தெம்பில்லை.”

“எங்களுக்கு இருக்கிறது” என்றாள் தாழை. “ஆனால் கற்கள் மண்ணில் புதைந்து கிடக்கும். தோண்டி எடுக்க வேண்டும்.”

அவள் கோரையனிடம் போய்க் கேட்டாள். முடியாவிட்டால் சொல்லிவிடலாம் என்பதையும் சேர்த்தே சொன்னாள். கோரையன் தன் கூட்டத்தைப் பார்த்தான். பன்றிகள் இடுப்பளவு சேற்றில் கிடந்தன.

“தோண்டுவதற்கா கூப்பிடுகிறீர்கள்?” என்றான். “எங்களுக்கு வேறு என்ன தெரியும்? வருகிறோம்.”

பன்றிகள் கற்களைச் சுற்றி மண்ணைக் கிளறின. யானைகள் நெற்றியால் முட்டிப் புரட்டின. நீர்நாய்கள் தண்ணீருக்குள் முங்கி, எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்து வந்து சொல்லின. ஒருமுறை ஒரு யானை கல்லைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டது. ஒரு நீர்நாய் அதை அதட்டியது. யானையும் சரி சரி என்று மறுபடி புரட்டியது.

கடைசிக் கல்லுக்கு முன்னால் தாழை அயிரையிடம் தணிந்த குரலில் சொன்னாள்: “முதலையை ஆற்றுக்கே அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு அதுதான் நிம்மதி.”

“அது என்னால் முடியாது” என்றது அயிரை. “யாரும் கேட்காதபோது அவர் கேட்டார். அதை நான் மறக்கக்கூடாது. கற்களுக்கு அப்பால், ஓடையின் கீழ்ப்பக்கம் ஒரு குட்டை இருக்கிறது. அவர் அங்கே இருக்கட்டும். மடு எங்களுடையது.”

தாழைக்கு அது பிடிக்கவில்லை. உன் கல்லை நீயே புரட்டிக்கொள் என்று சொல்ல ஒரு கணம் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். மடு யாருடையது என்று அயிரை சொல்லி முடித்துவிட்டது. அதற்குமேல் சொல்ல யானைக்கு உரிமை இல்லை.

“உங்கள் இடம். உங்கள் விருப்பம்” என்றாள்.

அயிரை முதலையிடம் போய்ப் பேசியது. முதலை கரையில் நின்ற யானைகளையும் பன்றிகளையும் நீர்நாய்களையும் மாறி மாறிப் பார்த்தது.

“இவர்களெல்லாம் எப்போது ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள்?” என்று கேட்டது.

“கொஞ்ச நாளாகத்தான்” என்றது அயிரை.

முதலை மெதுவாகத் திரும்பி, கற்களின் இடைவெளி வழியாகக் கீழ்க்குட்டைக்குப் போனது. யானைகள் கடைசிக் கல்லை உருட்டி வைத்தன.

மழை இறங்கியது. பேராற்றிலிருந்து முதலைகள் கிழக்கோடையில் ஏறி வந்தன. கற்களில் முட்டின. வந்த வழியே திரும்பிப் போயின. மடுவில் அயிரை புதிய வளை ஒன்று தோண்டியது. அதற்குள் குட்டிகள் பிறந்தன.

அந்த மழையில்தான் கொம்பையன் விருந்திலிருந்து திரும்பினான். ஓடை இரு கரையும் தொட்டுப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எங்கும் ஒரே செம்மண் நிறத் தண்ணீர். கொம்பையன் ஒரு காலை உள்ளே வைத்தான். கால் நழுவியது. பின்வாங்கினான். இளைய கொம்பன்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

இக்கரையில் தாழை நின்றுகொண்டிருந்தாள். அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எத்தனை பெரிய யானைக்கும் கலங்கிய தண்ணீருக்குள் பாறை தெரியாது.

அப்போது வெள்ளத்தில் ஒரு சின்னத் தலை எழுந்தது. அக்கரைக்குப் பக்கமாக நீந்தி, கொம்பையனின் முன்னால் வந்து நின்றது.

“என் பின்னாலேயே வாருங்கள்” என்றது. “நான் முங்குகிற இடத்தில் கால் வையுங்கள். மற்ற இடம் ஆழம்.”

அது முங்கியது. கொம்பையன் அந்த இடத்தில் கால் வைத்தான். பாறை காலுக்குத் தட்டுப்பட்டது. தலை கொஞ்சம் தள்ளி எழுந்தது, மறுபடி முங்கியது. மறுபடி கால் வைத்தான். வெள்ளம் அவன் வயிற்றை அறைந்தது. இன்னும் சில நீர்நாய்கள் வந்து இளைய கொம்பன்களுக்கு வழிகாட்டின. மூவரும் கரையேறினார்கள்.

முதலில் முங்கி வழிகாட்டிய நீர்நாய் உடம்பை உதறிக்கொண்டு, தன் குட்டிகளைப் பார்க்க மடுவின் பக்கம் நீந்திப் போனது. அது மறையும்வரை கொம்பையன் நனைந்த உடம்போடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த நீர்நாய்க்கு என்ன பெயர்?” என்று கேட்டான்.

“அயிரை” என்றாள் தாழை.

“அயிரை” என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு எல்லாரும் ஏரியின் பக்கம் நடந்தார்கள்.

தூரத்துப் பெரியவர்களின் விருந்தை நாடிப் போவதைவிட, பக்கத்தில் வாழ்கிறவர்களின் குறையைக் கேட்டு அவர்களைச் சமமாக நடத்தும் நாட்டுக்குத்தான் ஆபத்தில் துணை கிடைக்கும்.